குரல்களை இணைத்தல்: ஒலித்தொகுப்பின் அறம் பற்றிய ஒரு நோக்கு

மனிதக் குரல் நெடுங்காலம் உடலை விட்டுப் பிரியாத ஒன்றாகவே இருந்தது. குரலைக் கேட்டவன் குரலுக்குரியவனின் முன்னிலையில் இருந்தான். அவன் முகத்தையும் கண்டான். ஐயம் எழுந்தால் அவனிடமே கேட்டுத் தெளிந்தான். 1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலிவரைவியை உருவாக்கியபோது இந்த உறவு அறுந்தது. பேசியவர் இல்லாத இடத்திலும், அவர் இறந்த பின்னரும், அவர் குரல் ஒலிக்கலாயிற்று. எனினும் அக்காலத்திலும் ஒரு தொடர்பு எஞ்சியிருந்தது. மெழுகிலோ தட்டிலோ பதியப்பட்ட குரல், பேசப்பட்ட வரிசையிலேயே மீண்டும் ஒலித்தது. அந்த வரிசையையும் மாற்றலாம், துண்டு துண்டாகப் பிரித்து வேண்டியவாறு இணைக்கலாம் என்ற நிலை பின்னரே தோன்றியது. குரலைப் பதிவதில் எழுந்தவை பெரும்பாலும் தொழில்நுட்ப வினாக்கள். குரல்களை இணைப்பதில் எழுவதோ அறவியல் வினா. வெவ்வேறு வேளைகளில், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வாய்களிலிருந்து எழுந்த ஒலிகளை ஒன்றாக்கி ஒரே தொடராகக் கேட்கச் செய்பவர் உண்மையைக் கூறுகிறாரா, அன்றி அழகான பொய்யொன்றைப் புனைகிறாரா என்பதே அவ்வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு மாத்தளையைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் அரிது. மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியின் அருகே, பாறைகளுக்கிடையே அலுவிகாரை அமைந்துள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் ஆட்சிக்காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த பாளித் திரிபிடகமும் அதன் உரையும் எழுத்தில் பதிக்கப்பட்டன என்று மகாவம்சம் கூறுகிறது. அப்பணி நிகழ்ந்த இடம் அலுவிகாரையே என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற மரபு. குரலில் வாழ்ந்ததை நிலையான பொருளொன்றிற்கு மாற்றும் முயற்சியாகிய இன்றைய ஒலிப்பதிவின் தொலைதூர முன்னோடி என இந்நிகழ்ச்சியைக் கருதுவது மிகையன்று.

அந்தப் பிக்குகள் எதிர்நோக்கிய சிக்கல் தொகுப்பாளனின் சிக்கலே. எவரும் திரிபிடகம் முழுவதையும் தனியே மனத்திற் கொண்டிருக்க வேண்டியதில்லை. நீண்ட சுத்தங்களை ஓதுவோர் ஒரு குழுவினராகவும், நடுத்தர அளவினவற்றை ஓதுவோர் மற்றொரு குழுவினராகவும், இவ்வாறே பிறரும் பாணகர் எனப்பட்டுப் பகுதி பகுதியாகப் பேணினர். பஞ்சமும் போரும் சூழ்ந்த காலத்தில் ஓதுவோர் அருகினர். மகாநித்தேசம் என்னும் நூல் ஒரே ஒரு பிக்குவின் நினைவில் மட்டுமே எஞ்சியிருந்தது எனவும், அவரது ஒழுக்கம் ஐயத்திற்கிடமானதாயினும் பிறர் அவரிடமே அதனைக் கற்றுக்கொண்டனர் எனவும் உரைமரபு கூறுகிறது. பல வாய்களில் சிதறிக் கிடந்ததைக் கூட்டி ஒன்றாக்குவதே அவர்கள் பணி. அவ்வாறு ஒன்றாக்கிய மரபு இரண்டு வழக்கங்களைப் பேணியது. சுத்தங்கள் பெரும்பாலும் புத்தரின் நேர்க்கூற்றாகத் தொடங்குவதில்லை. அவற்றைக் கேட்டவர் ஒருவரின் சாட்சியமாகவே தொடங்குகின்றன. எவ்விடத்தில் கூறப்பட்டது என்பதும் அடுத்துச் சொல்லப்படுகிறது. இது முதலாவது வழக்கம். மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளை ஏடுகளில் எழுதுவோர் விட்டுவிடும்போது, விட்ட இடத்தில் ‘பெய்யாலம்’ என்பதன் சுருக்கமாக ஒரு குறியை இட்டனர். இது இரண்டாவது வழக்கம். இங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று வெட்டியவனே அறிவிக்கும் அக்குறி, தொகுப்பாளனின் நேர்மைக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று.

இனி, ஒலியை வெட்டி ஒட்டும் தொழில் வளர்ந்த முறையைச் சுருக்கமாக நோக்கலாம். 1935ஆம் ஆண்டில் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் ஜெர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனம் காந்த ஒலிநாடாப் பதிகருவியைக் காட்சிக்கு வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அது வானொலி நிலையங்களெங்கும் பரவியது. ஒலிநாடாவில் காலம் நீளமாக மாறியது. செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும் நாடாவில் அரைச் செக்கன் ஒலி ஒன்பதரைச் சென்ரிமீற்றர் நீளமுடையது. அதனைக் கையால் தொட முடியும். தொகுப்பாளர் சுருள்களைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிச் சொல்லின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பார். மெழுகுப் பென்சிலால் அடையாளமிடுவார். சவர அலகால் நாடாவைச் சாய்வாக வெட்டுவார். இரு முனைகளையும் பொருத்திப் பின்புறத்தில் ஒட்டுநாடா இடுவார். சாய்வாக வெட்டுவதற்குக் காரணமுண்டு. நேராக வெட்டினால் இணையும் இடத்தில் ‘டக்’ என்ற ஓசை எழும். சாய்வாக வெட்டினால் ஓர் ஒலி மெல்ல மறைய மற்றொன்று மெல்லத் தோன்றும். செவிக்கு இணைப்புப் புலப்படாது. ஆனால் கண்ணுக்கும் விரலுக்கும் அது புலப்பட்டது. நாடாவை எடுத்துப் பார்க்கும் எவரும் எத்தனை இடங்களில் வெட்டப்பட்டுள்ளது என்பதை எண்ணிவிடலாம்.

கணினி இந்நிலையை மாற்றியது. இலக்கமுறைப் பதிவில் ஒலி, செக்கனுக்கு 44,100 அளவீடுகள் என்ற கணக்கில் எண்களாகிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் இத்தொழிலை எவர்க்கும் கைவரச் செய்தன. பல ஒலித்துண்டுகளைத் திரையில் அலைவடிவங்களாக விரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் வைத்து, முன்பின்னாக நகர்த்தி, வேண்டாத பகுதியை நீக்கி, ஒன்று தேய்கையில் மற்றொன்று எழுமாறு அமைத்து, இறுதியில் அனைத்தையும் கலந்து ஒரே கோப்பாக வெளியேற்றலாம். பணிக்கோப்பு இருக்கும்வரை ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதில் இருக்கும். வெளியேற்றப்பட்ட கோப்பிலோ இணைப்பின் அடையாளம் எதுவும் குறிக்கப்பட்டிராது. நாடாவில் பொருளே சாட்சியாக இருந்தது. இங்கே தொகுப்பாளரின் மனச்சாட்சியைத் தவிர வேறு சாட்சி இல்லை. முன்னர் பொருளிடம் இருந்த பொறுப்பு இப்போது மனிதனிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே இம்மாற்றத்தின் அறவியற் பொருள்.

தொகுப்புக் கலையின் நுட்பங்களுள் ஒன்று இங்குத் தனியே கருதத்தக்கது. ஒவ்வோர் இடத்திற்கும் அதற்கேயுரிய மௌனம் உண்டு. லயத்து அறையின் தகரக் கூரையின்கீழ் உள்ள அமைதியும் கோயில் மண்டபத்தின் அமைதியும் ஒன்றல்ல. இரு துண்டுகளை இணைக்கும்போது சொற்கள் எவ்வளவு பொருந்தினாலும் பின்னணி அமைதி சட்டென்று மாறினால் கேட்பவர் இணைப்பை உணர்ந்துவிடுவார். ஆகவே அனுபவமிக்க பதிவாளர், எவரும் பேசாத வேளையில் அவ்விடத்தின் வெற்றொலியைச் சிறிது நேரம் தனியே பதிந்து வைப்பார். பின்னர் இணைப்புகளின் மேல் அதனைப் பரப்புவார். கேட்பவரின் கவனம் சிதறாதிருக்க இது உதவுகிறது. அதே வேளையில், நிகழாத ஒரு தொடர்ச்சியை நிகழ்ந்ததாக நம்பவைப்பதும் இதுவே. ஒரே செயல் பணிவிடையாகவும் ஏமாற்றாகவும் அமையக்கூடும். எனவே அச்செயலை மட்டும் தனியே நோக்கி அதன் அறத்தைத் தீர்மானிக்க முடியாது.

வினாவைக் கூர்மையாக்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்யலாம். மாத்தளை மாவட்டத்தின் பெருந்தோட்டங்களில் வாழும் முதிய பெண்களிடமிருந்து தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிக்கும் வேளையிற் பாடும் பாடல்கள் ஆகியவற்றை ஒரு மாணவர் குழு பதிவு செய்கிறது எனக் கொள்வோம். இம்முயற்சியின் அவசரம் எளிதில் விளங்குவது. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியே காடுகளைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்தது 1880ஆம் ஆண்டிலேதான். பின்னர் 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தபோது பாட்டும் பாடுவோரும் கடலின் இரு கரைகளிலும் சிதறினர். எழுத்தில் இடம்பெறாத இம்மக்களின் நினைவு பெரிதும் குரலிலேயே தங்கியிருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் இப்பாடல்களைத் தொகுத்து அச்சிட்டனர். ஆயினும் அச்சு சொற்களைக் காத்ததேயன்றிக் குரலைக் காக்கவில்லை.

மேற்கூறிய மாணவர் குழு மூன்று தோட்டங்களில் மூன்று பெண்கள் பாடிய ஒப்பாரியைப் பதிவு செய்கிறது. ஒருவர் தொடக்கத்தை நன்றாகப் பாடுகிறார், நடுவிலே மறந்துவிடுகிறார். மற்றொருவர் நடுப்பகுதியை உருக்கமாகப் பாடுகிறார், இடையிடையே இருமல். மூன்றாமவருக்கு இறுதிப் பகுதி மட்டுமே நினைவிலுள்ளது. மூன்றையும் இணைத்தால் முழுமையான, அழகான ஓர் ஒப்பாரி கிடைக்கும். இணைக்கலாமா? இணைத்ததை ‘மாத்தளைத் தோட்டப்புற ஒப்பாரி’ என்று பெயரிட்டு வழங்கலாமா?

வெட்டுவதெல்லாம் பொய் என்பது ஒரு விடை. இது தூயதாகத் தோன்றினும் ஆராய்ச்சிக்கு நிற்காது. ஒலிவாங்கியை எங்கே வைப்பது, பதிவை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பனவும் தெரிவுகளே. பதிவுக்கருவியை முடுக்கும் விரலே முதல் வெட்டை வெட்டிவிடுகிறது. மேலும், ஆறு மணி நேரப் பதிவை வெட்டாமல் வைத்திருப்பது உண்மையைக் காப்பதாகலாம். ஆனால் அதனை எவரும் கேட்கப்போவதில்லை. கேட்கப்படாத சாட்சியம் சொல்லப்படாத சாட்சியத்திற்கு ஒப்பாகும். சில வேளைகளில் வெட்டுதலே கருணையாகிறது. பேசியவர் தம்மையறியாமல் அயலவரின் இரகசியமொன்றை வெளியிட்டிருக்கலாம். தளர்ச்சியால் சொல் தடுமாறியிருக்கலாம். அவற்றை நீக்குவது பொய்யுரைப்பதாகாது.

விளைவு அழகாயின் வழி எதுவாயினும் பொருந்தும் என்பது இதற்கு மாறான விடை. கனடாவின் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964ஆம் ஆண்டில் மேடையை விட்டு விலகிப் பதிவுக்கூடத்தையே தம் களமாக்கிக்கொண்டார். 1966ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், பாக்கின் இசைக்கோவை ஒன்றைத் தாம் பதிவு செய்தபோது ஆறாவது முயற்சியையும் எட்டாவது முயற்சியையும் வெட்டி இணைத்ததை அவர் வெளிப்படையாகவே கூறினார். அம்முயற்சிகள் இரண்டும் தனித்தனியே குறையுடையன. இணைந்தபோது எந்த ஒரு வாசிப்பும் தராத முழுமை கிடைத்தது. இதிற் குற்றம் காண்பது கடினம். ஆனால் 1952ஆம் ஆண்டில் வாக்னரின் ‘திரிஸ்தான்’ இசைநாடகம் பதிவு செய்யப்பட்டபோது, கிர்ஸ்ரன் பிளாக்ஸ்ராட் எட்டமுடியாத உச்சத் தானங்களை எலிசபெத் சுவார்ஸ்கோப் பாடினார்; அது வெளிப்பட்டபோது இசையுலகு சலசலத்தது. இரண்டிலும் செவிக்குக் கிடைத்தது அழகே. ஒன்று ஏற்கப்பட்டதற்கும் மற்றொன்று உறுத்தியதற்கும் காரணம் யாது?

காரணத்தை ஒலியில் தேடிப் பயனில்லை, வாக்குறுதியில் தேடவேண்டும். ஒரு பதிவை மற்றவர் முன் வைப்பவர் சொல்லாமலே சிலவற்றை வாக்களிக்கிறார். இக்குரல் இன்னாருடையது என்பது ஒன்று. இச்சொற்கள் இவ்வரிசையில் எழுந்தன என்பது மற்றொன்று. இன்ன சூழலில், இன்ன வினாவுக்கு விடையாக எழுந்தன என்பது மூன்றாவது. எல்லாப் பதிவுகளும் இம்மூன்றையும் ஒருங்கே வாக்களிப்பதில்லை. இசைத்தட்டு குரலுக்குரியவரை வாக்களிக்கிறது. ஒரே மூச்சில் பாடப்பட்டதாக வாக்களிப்பதில்லை. கூல்ட் எந்த வாக்கையும் மீறவில்லை. ‘திரிஸ்தான்’ பதிவோ முதல் வாக்கை மீறியது. வானொலி நாடகம் மூன்றையும் வாக்களிப்பதில்லை. செய்தியும் நேர்காணலும் மூன்றையும் வாக்களிக்கின்றன. ஒரு வினாவுக்குச் சொன்ன ‘ஆம்’ என்பதை மற்றொரு வினாவின்பின் ஒட்டினால், ஒவ்வோர் அசையும் பேசியவருடையதாகவே இருக்க, முழுமை மட்டும் பொய்யாகிவிடும். உண்மையான துண்டுகளைக் கொண்டே பொய்யைக் கட்டலாம் என்பதே இத்தொழிலின் ஆபத்து. தயக்கத்துடன் எழுந்த மறுமொழியிலிருந்து தயக்கத்தை நீக்கி உறுதியாக்குவதும் இவ்வகையினதே.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், நிகழ்வோடு உடனிகழ்வாகச் செய்யப்பட்ட பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கு இடமளிக்கும்போது, பதிவு மாற்றப்படாமையையோ அது பாதுகாப்பாகப் பேணப்பட்டமையையோ நிறுவுமாறு கோருகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1972 யூன் 20ஆந் திகதிக்குரிய நிக்சனின் ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிடம் வெறுமையாக இருந்தது; 1974ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்த வல்லுநர் குழு, குறைந்தது ஐந்து முறை தனித்தனியே அழிக்கப்பட்டிருப்பதைக் கண்டது. அழிக்கப்பட்டது யாதென இறுதிவரை தெரியவில்லை. ஆனால் அந்த வெறுமையே ஒரு சாட்சியமாயிற்று.

இனி ஒப்பாரிக்கு மீளலாம். அது இசையா, சாட்சியமா? கடினம் இங்கேதான் உள்ளது. ஒப்பாரி பாடுவோர் எல்லாவற்றையும் புதிதாகப் புனைவதில்லை; வழிவழி வந்த அடிகளையும் உவமைகளையும் எடுத்துத் தம் துயருக்கேற்பக் கோக்கின்றனர். ஒப்பாரியே ஓர் இணைப்புக் கலை. அவ்வாறாயின் பாடுபவருக்குரிய உரிமை தொகுப்பாளருக்கு மட்டும் ஏன் இல்லை என்று வினவலாம். விடை இது: பாடுபவர் தம் இழப்பின் முன்னிலையில், தம் உறவினர் கேட்க, தம் பெயரால் இணைக்கிறார். மாண்டவர் கணவரா, மகனா, தாயா என்பதற்கேற்ப அடிகள் மாறுகின்றன. அந்த இணைப்புக்கு அவரே பொறுப்பு. தொகுப்பாளரோ திரையின் பின்னே மறைந்திருந்து, கணவனை இழந்தவரின் தொடக்கத்தையும் மகனை இழந்தவரின் இறுதியையும் பொருத்துகிறார். கிடைப்பது எவருக்காகவும் பாடப்படாத ஒப்பாரி. இருமலும் மறதியும் நீங்கியது கலைக்கு ஆதாயமாகலாம்; ஆனால் அந்த மறதி ஒரு மரபு தேய்ந்து வருவதன் சான்று. அதனை மறைப்பவர் அழிந்துவரும் ஒன்றை நலமாக இருப்பதாகக் காட்டுகிறார். அம்மக்களின் இழப்பையே அவர்களிடமிருந்து பறிப்பதாக அது முடியும்.

தமிழ்ப் பதிப்பு மரபு இங்கு வழிகாட்ட வல்லது. சங்கத் தொகைநூல்களைத் தொகுத்தோர் பலருடைய பாடல்களை ஒன்றாகக் கோத்தனர். எனினும் பாடியோர் பெயரை அழித்து ஒரே நூலாசிரியர் குரலாக்கவில்லை. பெயர் தெரியாதவிடத்துப் பாடலில் வரும் அரிய தொடரைக் கொண்டே செம்புலப் பெயனீரார் என்றாற்போலப் பெயரிட்டனர். அறியாமையையும் அழகாக ஒப்புக்கொண்ட செயல் அது. புறநானூற்றை 1894ஆம் ஆண்டில் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் கிடைக்காத 267, 268ஆம் பாடல்களின் இடத்தைத் தாமே பாடி நிரப்பவில்லை. சிதைந்த அடிகள் புள்ளிகளால் குறிக்கப்பட்டன, பாடபேதங்கள் அடிக்குறிப்பாயின. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவரும் கறையான் அரித்த ஏடுகளோடு போராடியவர்கள், யாப்பறிந்தவர்கள், ஓரடியைப் புனைந்து செருகுவது அவர்களுக்கு அரிதன்று. செய்யாமல் விட்டதே அவர்களது பதிப்பு நம்பப்படுவதற்குக் காரணம்.

ஒலியைத் தொகுப்பவருக்கும் இதுவே நெறியாகலாம். மூலப்பதிவு முழுமையாகப் பேணப்படவேண்டும். இணைத்தது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. இணைப்பு இணைப்பெனத் தெரியவேண்டும். ஒரு பெண்ணின் குரல் முடிந்து மற்றொருவரின் குரல் தொடங்கும்போது ஒரு சிறு மௌனம், ஒரு தோட்டத்தின் பெயர், ஓர் அறிவிப்பு போதுமானது. அம்மௌனமே ஒலியின் பெய்யாலக் குறியாகிவிடும். வினாவையும் விடையையும் பிரித்தலாகாது. இவை யாவற்றிலும் மேலாக, பாடியவர் இணைக்கப்பட்டதைக் கேட்டு உடன்படவேண்டும். தம் பெயர் சொல்லப்படுவதை ஒருவர் விரும்பலாம், மற்றொருவர் அஞ்சலாம். அதனைத் தீர்மானிக்கும் உரிமை பல்கலைக்கழகத்திற்கோ வானொலி நிலையத்திற்கோ உரியதன்று. இவ்வளவும் செய்யப்பட்டபின் மூன்று குரல்களையும் அடுத்தடுத்துக் கேட்பவர் ஒரு பொய்யான முழுமையைக் கேட்கமாட்டார். மூன்று உண்மையான குறைகளைக் கேட்பார். அக்குறைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதையும் கேட்பார்.

இந்நெறியால் சில அழகுகள் இழக்கப்படும் என்பது உண்மையே. தடையின்றி ஓடும் தொகுப்புக்கு உள்ள கவர்ச்சி, இடையிடையே நின்று தன் பிறப்பைக் கூறும் தொகுப்புக்கு இராது. ஆனால் எழுத்தால் தம்மைக் காத்துக்கொள்ள வழியற்றிருந்த மக்களின் குரலைக் கையாளும்போது, அழகுக்காகக் கொடுக்கும் விலையை அவர்களே செலுத்த நேர்கிறது. அலுவிகாரையில் எழுதி வைக்கப்பட்டிருந்த ஏடுகள் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தன என்பர். எனினும் அவ்வேடுகளின் வாசகம் பிறவிடங்களில் படியெடுக்கப்பட்டு வாழ்ந்தது. ஏடு அழிந்தாலும் படியிலிருந்து மீட்கலாம். படியே திரிக்கப்பட்டு, மூலமும் பேணப்படாதொழிந்தால், மீட்பதற்கு எதுவுமில்லை. மீட்கவேண்டிய ஒன்று இருந்ததென்பதுகூடப் பின்வருவோர்க்குத் தெரியாது. குரல்களை இணைக்கும் கருவி இன்று ஒவ்வொரு மாணவரின் கையிலும் இருக்கிறது. அதனோடு சேர்ந்து, முன்னர் சில பதிப்பாசிரியர்களிடம் மட்டுமே இருந்த பொறுப்பும் அவர்கள் ஒவ்வொருவரிடமும் வந்து சேர்ந்துள்ளது.